நாலு ஸ்க்ரூ

கார்களுக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. சாகப்போகிற நாள் நாற்பது நாள் முன்னாலேயே அவற்றுக்குத் தெரிந்துவிடும். முன்பக்கத் திரையில் தேதியும் மணியும் வந்து நிற்கும். அன்றைக்கு வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே கிடக்கும் குடை, செருப்பு, பிள்ளைகளின் பொம்மை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டியதுதான். கம்பெனி லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்க் கரைத்துவிடும். சிலர் மாலை போட்டு அனுப்பினார்கள். மோகனூர் பக்கம் ஒருவர் மொட்டையே போட்டுக்கொண்டார் என்று பேச்சு. மனைவி போனபோதுகூடப் போடாதவர் என்பதால் ஊர் அதை மறக்கவில்லை.

நாமக்கல் போக்குவரத்து அலுவலகத்தில் வர்ஷினியை எல்லோரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொன்னார்கள். பழைய காலத்துப் பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் ஒரு வண்டியின் பிரேக்கை மிதித்துப் பார்த்துப் பதினெட்டு வருஷமாகிறது. முத்திரை வண்டிகள் வந்த பிறகு தகுதிச் சான்றுக்கு எஃப்.சி. காட்டுவது என்ற சடங்கே ஒழிந்தது. ஒரே வார்ப்பில் ஊற்றிய உடம்பு. நட்டு கிடையாது, போல்ட்டு கிடையாது, மூட்டு கிடையாது. மோட்டாரும் வயர்களும் பலாக்கொட்டை மாதிரி உள்ளேயே மூடிக் கிடக்கும். ஓட்டுகிற சுகத்தை மட்டும் மனிதனுக்கு விட்டுவைத்திருந்தார்கள். ஆனால் ஒன்று, அந்த வண்டிகள் நடுரோட்டில் நின்றதே இல்லை. வண்டி தள்ளுவது என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வர்ஷினிக்கு மிஞ்சியிருந்த வேலை, வண்டி தானே சொன்ன சாவுத் தேதியை உறுதிசெய்து விரல் வைப்பது. அவளுடைய திரையில் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு கட்டங்கள் வரும். இடது பக்கம் 'கரைப்பு'. வலது பக்கம் 'தகுதி'. வலது பக்கத்தை அவள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தொடுவதற்குக் காரணமும் இருந்ததில்லை.

அந்த வேலையை அவள் சலிப்போடு செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கையோடு செய்தாள். அவளுக்கு இருபது வயதில், சேந்தமங்கலம் சாலையில், தம்பி கவின் ஓட்டிய பழைய கார் புளியமரத்தில் போய் மோதியது. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற ஒரு கம்பி. அது விரிசல் விட்டிருந்ததை மாற்றாமல், மேலே வெல்டு வைத்து, பெயிண்ட் அடித்து, "ஜம்முனு ஓடும்" என்று ஒரு பட்டறைக்காரன் அனுப்பியிருந்தான். பின்சீட்டில் இருந்த வர்ஷினி பிழைத்தாள். அன்றைக்கு அவள் மனதில் விழுந்தது இது: கை வைத்த வண்டி கொல்லும். முத்திரை வண்டியில் எவனும் கை வைக்க முடியாது. ஆகவே அது சாமி.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, கொல்லிமலையிலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். பெயர் சிந்துஜா. முப்பத்தி நாலு வயது, ஒல்லியான உடம்பு, கையில் மருந்துப் பை. ஆறு மலைக்கிராமங்களுக்கு அவள் ஒருத்திதான்.

"மேடம், என் வண்டி போயிருதுன்னு நோட்டீஸ் காட்டுதுங்க. பதினோரு நாள்தானுங்க இருக்குது. அடுத்த வண்டி தை மாசந்தான்னு துறையில சொல்லிட்டாங்க. மேல மூணு பொம்பளைங்களுக்கு நாள் நெருங்கிருச்சு. அதுல ஒருத்திக்கு ரத்தக்கொதிப்பு வேற. எனக்கு அஞ்சு மாசம் நீட்டிப்பு வேணுமுங்க."

"நீட்டிப்புன்னு ஒண்ணு கிடையாது சிஸ்டர்," என்றாள் வர்ஷினி. "வண்டியோட எலும்புக்குள்ள கண்ணாடி நரம்பு ஓடுது. அதுல வெளிச்சம் போயிட்டே இருக்கும். எங்கயாவது முடி அளவு விரிசல் விட்டாக்கூட வெளிச்சம் மங்கும். முன்னாடி ஒரு கண்ணு அதைப் பார்த்துட்டே இருக்கு. ரொம்பப் பலவீனமான பாகம் எதுவோ, அதோட ஆயுசுதான் மொத்த வண்டிக்கும் ஆயுசு. பதினோரு நாள்னா பதினோரு நாள். அதுக்கப்புறம் உங்களை அதுல ஏத்துறது கொலை பண்றதுக்குச் சமம்."

"புரியுதுங்க."

"வேணும்னா பின்னாடி பறிமுதல் பண்ணின பழைய டீசல் ஜீப் ஒண்ணு நிக்குது. தை வரைக்கும் தற்காலிக பர்மிட் போட்டுத் தரச் சொல்றேன். எனக்கு அதுல இஷ்டமில்ல. ஆனா சட்டத்துல வழி இருக்கு."

சிந்துஜா தலையை ஆட்டினாள். "அதுல மாசமா இருக்கறவளை ஏத்த மாட்டேனுங்க. நாலு வருசத்துக்கு முந்தி நாப்பத்தி மூணாவது வளைவுல சறுக்கிப் பள்ளத்துல விழுந்தேன். வண்டி மூணு கரணம் போட்டுச்சு. எனக்கு ஒரு கீறல் இல்லீங்க. கதவைத் தொறந்து எறங்கி, மரத்தைப் புடிச்சுக்கிட்டு அழுதேன், அவ்வளவுதான். ஜீப்பு நின்னா கம்பியக் கட்டி ஓட்டிரலாம். ஒடைஞ்ச கழுத்தைக் கட்ட முடியுங்களா?"

வர்ஷினிக்கு அவளைப் பிடித்துவிட்டது. பழைய வண்டி மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுகிற கூட்டத்தை அவள் தினமும் பார்க்கிறவள். அந்தக் கூட்டத்தில் யாரும் புளியமரத்தில் மோதியதில்லை.

"அப்புறம் ஏன் நீட்டிப்பு கேக்கறீங்க? உங்களுக்கே தெரியுதே."

"அங்கதானுங்க எனக்கு ஒரு சந்தேகம்." சிந்துஜா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மூணு கரணம் போட்டு எந்திரிச்சப்ப ஆயுசு ஒரு நாள் குறையலீங்க. திரையில பாத்தேன், அப்படியேதான் இருந்துச்சு. மூணு கரணத்துக்குக் குறையாத ஆயுசு, சும்மா போயிட்டு வந்துட்டு இருக்கையில எப்படிங்க மூணு வருசம் குறையும்? எங்க டாக்டர் ஜோயல்ராஜுக்கும் எனக்கும் ஒரே நாள்லதான் வண்டி வந்துச்சு. ஒரே மலை, ஒரே எழுவது வளைவு. அவரு ஓட்டுறது என்னைவிட மோசமுங்க, பிரேக்கே மிதிக்க மாட்டாரு, ஆரன் அடிச்சே எறங்குவாரு. அவரு வண்டிக்கு இன்னும் ரெண்டே முக்கால் வருசம் இருக்குது. மீட்டிங்குக்குக் கலெக்டர் ஆபீஸ் வந்திருக்காரு. சாவிய வாங்கியாந்துட்டேன், வெளிய ரெண்டு வண்டியும் நிக்குது. ஒருக்கா வந்து பாருங்க மேடம்."

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், எழுந்து போனாள். பதினெட்டு வருஷத்தில் யாரும் அவளை வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டதில்லை.

புங்கமரத்தடியில் இரண்டு வெள்ளை வண்டிகள் அக்கம்பக்கமாக நின்றன. வர்ஷினி இரண்டையும் சுற்றி வந்தாள். டாக்டர் வண்டி புழுதியேறி, கழுவிப் பல நாள் ஆனதாகத் தெரிந்தது. கண்ணாடியில் சிறிய சிலுவை ஒன்று தொங்கியது. சிந்துஜாவின் வண்டி துடைத்து வைத்த குத்துவிளக்கு. வெள்ளிக்கிழமை ஆனதால் முன்பக்கம் நடுவில் ஈரம் காயாத சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருந்தன. பம்பருக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. பொட்டு வைக்க அதைவிடப் பொருத்தமான நெற்றி எந்த வண்டிக்கும் அமையாது. மாவட்டத்தில் எல்லோரும் அங்கேதான் வைத்தார்கள். அலுவலக வண்டிக்கு வர்ஷினியும் அங்கேதான் வைப்பாள்.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் கண் இருந்தது.

வர்ஷினி குனிந்து சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்தாள். கண்ணாடியின் ஓரத்து ரப்பரில் மஞ்சளாக ஒரு கோடு ஓடியது, வெற்றிலை போடுகிறவரின் பல்லிடுக்கு மாதிரி. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. டாக்டர் வண்டியில் அந்த இடத்துப் புழுதியைத் துடைத்ததும் ரப்பர் பளிச்சென்று இருந்தது.

உள்ளே போய்க் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். நம் பக்கத்து வண்டிகள் ஆறு, ஆறரை வருஷத்தில் போய்விடும். கம்பெனி சொன்னது ஒன்பது. வெயில், புழுதி, லாரிகள் கிளப்புகிற தூசி என்று அவளாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு விட்டிருந்தாள். இப்போது ஒன்பதைத் தொட்ட வண்டிகளை மட்டும் தேடி எடுத்தாள். ரொம்பக் கொஞ்சம்தான். மூன்று பாதிரியார்கள். பேட்டைப் பள்ளிவாசல் வண்டி. சாமி இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற ஒரு வக்கீல். வண்டியைக் கழுவியதே இல்லையென்று தெருவே திட்டும் ஒரு கல்லூரிப் பேராசிரியர். பள்ளிவாசல் வண்டிக்கு ஆயுத பூஜையை விட மனமில்லாத டிரைவர் யாராவது வாய்த்திருந்தால், அதுவும் ஆறு வருஷத்தில் போயிருக்கும்.

வர்ஷினி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. திரையின் கீழ் மூலையில் அவள் பெயரில் ஒரு எண் இருந்தது. இதுவரை அவள் விரல் வைத்த கரைப்பு ஆணைகள்: மூவாயிரத்து நூற்றுப் பதினாறு.

அவள் போன் செய்ததும், கம்பெனியின் மண்டலப் பொறியாளர் தருண் அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். சென்னைக்காரன், முப்பது வயது, மரியாதையான பிள்ளை. சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"மேம், இது எங்க ஃபைல்ல 'பிராந்தியக் காரணி'ன்னு இருக்கு. இந்தப் பக்கம் ஆயுள் குறைவுன்னு தெரியும். ஏன்னு யாரும் பார்க்கலை."

"கரைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணையாவது திறந்து பார்த்திருக்கலாமே?"

"திறக்க முடியாது மேம். பிளாண்ட்லயே முடியாது. திறக்கற மாதிரி செஞ்சா மூட்டு வேணும். மூட்டு இருந்தா தேய்மானம். தேய்மானம் இருந்தா ரோட்ல நிக்கும். பழைய வண்டி இருபது வருஷம் ஓடிச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த இருபது வருஷத்துல எத்தனை நாள் பட்டறையில படுத்துக் கிடந்துச்சுன்னு யாரும் சொல்றதில்லை. இந்தப் பதினெட்டு வருஷத்துல நம்ம வண்டி வழியில நின்னு ஒரு ஆளாவது செத்திருக்காங்களா?"

அவன் சொன்னது உண்மை. வர்ஷினி அதை மறுக்கவில்லை. "அப்ப இதை எப்படித்தான் துடைக்கிறது?"

"வெளியில துடைக்கலாம். உள்பக்கம் இறங்கியிருந்தா..." தருண் கையை விரித்தான். "முத்திரையை உடைச்சா வண்டி அப்பவே நின்னுடும். டிசைனே அப்படி."

சட்டப் புத்தகத்தில் ஒரு வரி, யாரும் நீக்காமல் விட்டுப்போய்க் கிடந்தது. ஆய்வாளர் கேட்டால் வண்டியின் எந்தப் பாகத்தையும் திறந்து காட்ட வேண்டும். வர்ஷினி அதைப் படித்துக் காட்டிவிட்டு, எதிரே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் கட்டுகிற பட்டறைக்கு ஆள் அனுப்பினாள். பாறையைத் துளைக்கிற வண்டியை மட்டும் எந்தக் கம்பெனியாலும் மூடி முத்திரை வைக்க முடியவில்லை. அதில் தினமும் ஏதாவது உடையும். அதனால் அந்தப் பட்டறை உயிரோடு இருந்தது.

வெல்டர் சபரீஷ் கிரைண்டரைத் தோளில் தொங்கவிட்டபடி வந்தான். நாற்பது வயது ஆள், நெற்றி வரைக்கும் கரி. முத்திரை வண்டியை அவன் தொடுவது முதல் தடவை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான், தர்ப்பூசணி வாங்குகிறவன் மாதிரி.

"எல்லாம் அலுமினியந்தானுங்க மேடம். எவ்வளவு வேணும்?"

"கண்ணாடிக்கு மேல ஒரு கை நுழையற அளவு. பழுதாப்போனா பொறுப்பு என்னோடது."

சாக்பீஸால் சதுரம் கிழித்தான். கிரைண்டர் அலறியது. திரையில் சிவப்பாக 'அனுமதியற்ற திறப்பு' என்று வந்தது. பிறகு வண்டி முழுவதும் அணைந்தது. சிந்துஜாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பதினோரு நாள் இருந்ததும் போயிற்று.

சபரீஷ் வெட்டிய தகட்டை எடுத்ததும் வர்ஷினி டார்ச் அடித்தாள். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க மஞ்சள் படலம் படிந்து, நடுவில் செம்மண் நிறத்தில் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தது. ஆறு வருஷத்து வெள்ளிக்கிழமைகள். ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கழுவிய ஈரத்தோடு ரப்பர் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருந்தது. நரம்புகளில் வருகிற வெளிச்சம் அந்தக் கண்ணாடியின் உள்பக்கத்தில் பட்டுத்தான் கண்ணுக்குப் போக வேண்டும். வெளிச்சம் மங்கியதும், எலும்புதான் முறிந்துபோயிற்றென்று வண்டி நினைத்துக்கொண்டது.

"அப்ப எலும்புக்கு ஒண்ணுமில்லீங்களா?" என்றாள் சிந்துஜா.

"ஒண்ணுமில்ல. பலவீனமான பாகம் எதுன்னு பார்க்கத்தான் கண்ணு வெச்சாங்க. பலவீனமான பாகமே அந்தக் கண்ணுதான்."

சிந்துஜா மருந்துப் பையைத் திறந்தாள். பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்தாள். பிறந்த குழந்தையின் கண்ணைத் துடைக்கிற கை அது. உள்ளே இருந்து வெளியே, ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான். ஒன்பது பஞ்சு மஞ்சளாக வந்தது. பத்தாவது வெள்ளையாகவே திரும்பி வந்தது.

சபரீஷ் அதற்குள் ஓட்டைக்கு ஒரு தகட்டை அளந்து வெட்டி, நாலு மூலையிலும் துளை போட்டிருந்தான்.

"வெல்டு வெச்சு மூடிரலாமே?" என்றான் தருண்.

"மறுபடி தொறக்கோணுமில்லீங்களா சார்?" என்று சொல்லி நாலு ஸ்க்ரூவை முடுக்கினான் சபரீஷ். "வெள்ளிக்கிழமை வராமயா போயிரும்?"

வர்ஷினியின் திரையில் வண்டி எண்ணின் கீழே வந்தது: முத்திரை உடைந்தது. ஆய்வாளர் தீர்ப்பு. கரைப்பு. தகுதி. வலது கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், சோதனை ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் என்று இருந்தது. சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கொடுத்ததும் வண்டி கண் விழித்தது. திரையில் சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது. மீதமுள்ள ஆயுள்: இரண்டு வருஷம் எட்டு மாதம்.

சிந்துஜா வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"மேம்," என்றான் தருண் தாழ்ந்த குரலில். "எண்ணு மாறிடுச்சு, சரி. ஆனா இது இப்ப கை வெச்ச வண்டி. மலையில ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி பொறுப்பில்ல. உங்க விரல்தான் இருக்கும்."

கை வைத்த வண்டி. வர்ஷினி அந்த நாலு ஸ்க்ரூவைப் பார்த்தாள். கவினின் நீலச் சட்டையும் பெயிண்ட் அடித்த அந்தக் கம்பியும் ஒரு கணம் முன்னால் வந்து நின்றன. அந்தப் பட்டறைக்காரன் விரிசலை மறைத்தான். இவர்கள் மூடியிருந்ததைத் திறந்து எல்லோரும் பார்க்கத் துடைத்தார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், 'கை வைப்பது'. வித்தியாசம் தெரிய அவளுக்கு முப்பது வருஷத்துக்குமேல் ஆகியிருக்கிறது.

"ஏறுங்க சிஸ்டர். காரவள்ளியிலேருந்து செம்மேடு வரைக்கும் எழுபது வளைவும் பார்த்துடலாம்." முன்கதவைத் திறந்தவள் திரும்பினாள். "நீங்களும் ஏறுங்க தம்பி. பின்னாடி இடம் நிறைய இருக்கு."

தருணுக்கு வேறு வழியில்லை.

மலை தொடங்கியதும் வர்ஷினி பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். சிந்துஜா நன்றாக ஓட்டினாள். பத்து, இருபது, முப்பது. ஒவ்வொரு வளைவுக்கும் வர்ஷினியின் வலது கால் தரையை அழுத்தியது. நாற்பத்து மூன்றில் சிந்துஜா மோவாயால் பள்ளத்தைக் காட்டி, "அந்த மரந்தானுங்க," என்றாள். ஐம்பத்தெட்டில் மேலேயிருந்து பஸ் ஒன்று முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. சிந்துஜா பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி அந்த இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. பஸ் டிரைவர் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஒதுங்கிப் போனான். வர்ஷினி தரையை அழுத்தியிருந்த காலை மெல்ல எடுத்தாள். பதினெட்டு வருஷம் கழித்து அவள் ஒரு வண்டியின் பிரேக்கைச் சோதித்துவிட்டாள்.

அறுபதாவது வளைவில் தருண் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். அதற்கு வண்டியைக் குறை சொல்ல முடியாது.

செம்மேட்டில் அவன் சோடா குடிக்கப் போயிருந்தபோது, வர்ஷினி திரையை எடுத்து வலது கட்டத்தில் விரலை வைத்தாள். பச்சையாக மின்னி அடங்கியது. இவ்வளவுதானா என்று இருந்தது.

"சிஸ்டர்," என்றாள். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இதுக்கு முன்னாடி மூவாயிரத்து நூத்திப் பதினாறு வண்டிக்கு நான் அந்தப் பக்கம் விரல் வெச்சிருக்கேன். அதுல எத்தனை நல்ல வண்டியோ."

சிந்துஜா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "அதுல எங்கண்ணன் டெம்போவும் ஒண்ணுங்க."

வர்ஷினி திரும்பிப் பார்த்தாள்.

"அன்னாசி ஏத்திட்டு சந்தைக்குப் போயிட்டு இருந்தான். அஞ்சே முக்கால் வருசத்துல நோட்டீஸ் வந்துச்சு. பூ, பொட்டு, ஊதுபத்தி எல்லாம் பலமா வெப்பான். அப்பறம் அவன் வண்டியே எடுக்கலீங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில நைட் வாட்ச்மேனா இருக்கான். ஆணையில உங்க பேருதானுங்க போட்டிருந்துச்சு."

"இதை ஏன் வந்ததுமே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க எம் மூஞ்சியத்தான் பாத்திருப்பீங்க. வண்டியப் பாத்திருக்க மாட்டீங்க மேடம்."

வர்ஷினி கையிலிருந்த திரையை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவமானமாக இருந்தது. அதோடு, இந்தப் பெண் இப்படிக் கணக்காக நடந்துகொண்டாளே என்று பெருமையாகவும் இருந்தது.

மறுநாளே அவள் அறிக்கை எழுதினாள். தன் பெயரையும் அந்த எண்ணையும் முதல் வரியிலேயே போட்டாள். விசாரணை என்று மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். கம்பெனி பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக மறுப்பு கொடுத்தது. ஆனால் மாவட்டத்தில் நானூறு வண்டிக்காரர்கள் நோட்டீஸோடு வந்து அலுவலக வாசலில் நின்று, திறந்து பார் என்றபோது யாராலும் மறுக்க முடியவில்லை. சபரீஷின் கிரைண்டருக்கு ஓய்வே இல்லை. சிந்துஜா சொன்ன மூன்று பெண்களும் அவளுடைய வண்டியிலேயே இறங்கி வந்து பெற்றார்கள். ரத்தக்கொதிப்புக்காரிக்கு இரட்டை. பங்குனியில் விதி வந்தது: இனி எந்த வண்டியிலும் கண்ணுக்கு மேலே, வண்டிக்காரன் தானே திறக்கக்கூடிய மூடி இருக்க வேண்டும்.

கரைத்தவை கரைத்தவைதான். சிந்துஜாவின் அண்ணனுக்கு வர்ஷினி ஒரு கடிதம் போட்டாள். பதில் வரவில்லை.

புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது, தருண் புது மாடல் ஒன்றை அலுவலக வாசலுக்கு ஓட்டிவந்தான். ஒப்புதலுக்கு. முகமெல்லாம் மலர்ச்சி.

"உங்க அறிக்கையை டிசைன் டீம் முழுக்க படிச்சாங்க மேம். இங்க பாருங்க, உங்க பண்பாட்டுக்கு மரியாதை." முன்பக்கம், பேனட்டின் நெற்றியில், கட்டைவிரல் அழகாகப் பொருந்துகிற அளவில் பித்தளை நிறத்தில் ஒரு சின்னக் குழி. "பொட்டு வைக்கவே தனி இடம். சந்தனம் வழியாது, காயாது. உலகத்துல எங்கயும் இல்லாத வசதி."

"ரொம்ப அழகா இருக்கு," என்றாள் வர்ஷினி. "கண்ணு எங்க?"

"அதை இடம் மாத்திட்டாங்க மேம். பழைய இடத்துல இல்ல."

"எங்கன்னு கேட்டேன்."

தருண் கையில் இருந்த வரைபடத்தைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். அவன் முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது.

வர்ஷினி தோள்பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். விசாரணை முடிந்து திரும்பிய நாளிலிருந்து அது அவளோடு இருக்கிறது. குழியைச் சுற்றியிருந்த நாலு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மூடியைத் தூக்கினாள். குழிக்கு நேர் கீழே, விரல் தடிமனுக்கும் குறைவான இடைவெளியில், புத்தம் புதிதாகக் கண் இருந்தது.

"எனக்குச் சத்தியமா தெரியாது மேம்," என்றான் தருண். "வேணும்னு வெச்சிருக்க மாட்டாங்க. எங்கேயோ உக்காந்து வரையறவங்க. நான் இதைத் திருப்பி அனுப்பிடறேன்."

"எதுக்கு? வேணும்னு வெச்சாங்களோ, விவரம் தெரியாம வெச்சாங்களோ, அதைக் கண்டுபிடிச்சு நமக்கு என்ன ஆகப்போகுது?"

அவள் மூடியைத் திரும்ப வைத்து முடுக்கினாள். ஒப்புதல் படிவத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தாள்: ஒவ்வொரு வண்டியோடும் ஒரு திருப்புளி கொடுக்க வேண்டும். பிறகு அலுவலகத்துக்குள் போய், அன்றைய வெள்ளிக்கிழமைப் பூஜைக்குக் கரைத்து வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். கட்டைவிரலை நன்றாக முக்கி அந்தக் குழியில் அழுத்தி, மேலே குங்குமத்தையும் வைத்தாள்.

தருண் பதறிப்போனான். "மேம், அது உள்ள இறங்கிடுமே!"

"இறங்கட்டும்," என்றாள் பிரேக் இன்ஸ்பெக்டர். "நாலு ஸ்க்ரூதானே தம்பி. தொடைச்சுக்கறோம்."